கரையிலேயே இருப்பதா, மேட்டுக்கு மாறுவதா, ஊரையே விடுவதா?

கடலை ஒட்டிக் குடியிருக்கிறோம். கடலுக்கு அடியில் ஒரு கண்டத்தட்டு இன்னொன்றின் கீழே நுழைந்து இறுகிக் கிடக்கிறது. என்றைக்காவது அந்தப் பிடி விடும். பெரிய நிலநடுக்கம் வரும், பின்னாலேயே சுனாமி வரும். இது தெரிந்தபிறகு என்ன செய்வது? வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புவதா, பலப்படுத்திக்கொண்டு அங்கேயே இருப்பதா? இந்தக் கேள்வியை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சோம்பலால் யாரும் தள்ளிப்போடுவதில்லை. ‘எப்போது வரும்’ என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, அதுதான் காரணம்.

ஜப்பானின் நான்காய் என்ற கடலடிப் பள்ளத்தில் 1707-இல் பெரிய நிலநடுக்கம் வந்தது. அடுத்தது 1854-இல், 147 வருடம் கழித்து. அதற்கடுத்தது 1944, 1946 என்று இரண்டு தவணையாக, 90 வருடத்திலேயே வந்துவிட்டது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் கஸ்கேடியா பிளவில் கடைசியாக வந்தது 1700 ஜனவரி 26 இரவு. முந்நூறு வருடத்துக்கு மேலாக அங்கே அமைதி. அடுத்த 50 வருடத்தில் 9 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வர 10 முதல் 15 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள் நிலவியலாளர்கள்.

அதனால் நாம் எடுக்கிற முடிவு இரண்டு பக்கமும் தாங்க வேண்டும். இன்று இரவே வந்தாலும் உயிர் பிழைக்க வேண்டும். எண்பது வருடம் வராமலே போனாலும், அந்த முடிவால் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று வருந்தக் கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எடுக்கிற முடிவுகள்தான் பிறகு குடும்பத்தில் சண்டையாக முடிகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் நிமிடங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்கள் கரைக்கு முதல் அலை எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை அரசு வெளியிடும் சுனாமி வெள்ள வரைபடத்தில் பார்க்கலாம். 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 25-ம் உங்கள் கைக்கு வராது. பெரிய நிலநடுக்கம் நான்கைந்து நிமிடம் ஆட்டும். அதுவரை நிற்கவே முடியாது. ஆட்டம் நின்றதும் எல்லோரும் வீட்டைவிட்டு வெளியே வர இன்னொரு ஐந்து நிமிடம். மிச்சம் 15. வீட்டில் எல்லோரையும்விட மெதுவாக நடப்பவர் நிமிடத்துக்கு 40 மீட்டர் நடந்தால் 600 மீட்டர் போகலாம். வழியில் சுவர் விழுந்திருக்கும், மின்கம்பி தொங்கும், சாலை பிளந்திருக்கும். அதற்காகப் பாதியைக் கழித்துவிடுங்கள். 300 மீட்டருக்குள் மேடு இருக்கிறதா? இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பலருக்கு முடிவு தெரிந்துவிடும்.

இதைக் காகிதத்தில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். நாங்கள் ஒரு அமாவாசை இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, முன்கூட்டிச் சொல்லாமல் எல்லோரையும் எழுப்பி நடந்து பார்த்தோம். பகலில் 7 நிமிடத்தில் ஏறுகிற மேடு. அன்றைக்கு 16 நிமிடம் ஆயிற்று. அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடியதில் இரண்டு நிமிடம் போனது. செருப்பு வாசலில் இருந்தது. நாங்கள் படுத்திருந்தது உள்ளறையில். நிஜமாகவே ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தால் அந்த நடையில் எல்லோருக்கும் கால் கிழிந்திருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலின் காலிலும் ஒரு துணிப்பை கட்டியிருக்கிறோம். அதில் தடித்த அடி வைத்த காலணி, டார்ச், ஒரு விசில். அம்மாவின் பழைய கண்ணாடியும் அவர் பையில் இருக்கிறது.

இரண்டாவது, மேடு எவ்வளவு உயரம், அங்கிருந்து இன்னும் மேலே ஏற வழி இருக்கிறதா என்பது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் இவாத்தே கரைக்கு முதலில் கொடுத்த எச்சரிக்கை 3 மீட்டர் அலை என்றது. பிறகு கூட்டிச் சொன்னார்கள். அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போய்விட்டது. சில குறுகிய விரிகுடாக்களில் தண்ணீர் 40 மீட்டர் உயரம் வரை ஏறியது. ஏறி நின்ற இடத்தோடு வழி முடிந்துவிட்டால் அது நல்ல மேடு இல்லை.

மூன்றாவது, வீடு நிற்குமா? சுனாமியைப் பற்றியே பேசி இதை மறந்துவிடுகிறோம். 1995-இல் ஜப்பானின் கோபே நகர நிலநடுக்கத்தில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இடிந்த வீட்டுக்கும் சாய்ந்த மர அலமாரிக்கும் அடியில் சிக்கியவர்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் 25 நிமிடம் இருந்தும் பயனில்லை.

நான்காவது, பகல் பொழுது. வீடு எங்கே என்பது இரவுக்கான கேள்வி. வேலை, பள்ளி, சந்தை எல்லாம் தாழ்வான நிலத்தில் இருந்தால், வீட்டை மட்டும் மாற்றி ஆபத்தில் பாதியைத்தான் குறைத்திருப்பீர்கள். ஜப்பானில் இஷினோமாக்கியின் ஒக்காவா தொடக்கப்பள்ளியில் 2011 சுனாமியில் 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். ஆட்டம் நின்ற பிறகு ஏறக்குறைய 50 நிமிடம் அவர்கள் பள்ளி மைதானத்தில் இருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது. ‘நிலநடுக்கம் வந்தால் பிள்ளைகளை எந்த மேட்டுக்கு, எந்த வழியாகக் கூட்டிப்போவீர்கள்?’ என்று உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், வீட்டை மாற்றுவதற்கு முன் பள்ளியை மாற்றுவதே அவசரம்.

அப்புறம் பணம், பிழைப்பு, அதற்குப் பிந்தைய வாரங்கள். இவற்றை ஒவ்வொரு வழியிலும் சேர்த்துப் பார்க்கலாம்.

| | கரையிலேயே, தயாராக | உயரக் கட்டடத்தை நம்பி | அதே ஊரில் மேட்டுக்கு | உள்நாட்டுக்கு |
|---|---|---|---|---|
| அலையிலிருந்து உயிர் | நிமிடக் கணக்கும் பயிற்சியும் சரியாக இருந்தால் மட்டும் | கட்டடத்தின் உயரமும் உறுதியும் பொறுத்து | இரவில் நல்லது. பகலில் எங்கே இருக்கிறோம் என்பதைப் பொறுத்து | மிக நல்லது |
| ஆட்டத்திலிருந்து உயிர் | வீட்டைப் பலப்படுத்தினால் | பொதுவாக நல்லது | மண்சரிவு, நிரப்பிய மண் பார்க்க வேண்டும் | குறையும், நீங்காது |
| உடைமை | பெரும்பாலும் போய்விடும் | கீழ்த்தளம் போகும் | தப்பும் | தப்பும் |
| பிழைப்பு, உறவு | அப்படியே இருக்கும் | அப்படியே இருக்கும் | பெரும்பாலும் இருக்கும் | அறுபடும் |
| மறைந்திருக்கும் செலவு | நிலமே அமிழலாம் | தண்ணீர் நடுவே பல மணி நேரம் | தினமும் இறங்கி ஏறுவது, துண்டிக்கப்படுவது | தனிமை, புது ஆபத்துகள் |

## கரையிலேயே இருந்து தயாராவது

இந்த வழிக்கு உலகத்திலேயே பெரிய சாட்சி இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. அலை வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சைரன் கிடையாது, கைபேசிச் செய்தி கிடையாது. ஆனாலும் சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர்தான். 1907-இல் அங்கே ஒரு சுனாமி வந்திருந்தது. ‘ஸ்மோங்’ என்று அதற்குப் பெயர் வைத்து, ஆட்டம் பலமாக இருந்து கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்று பாட்டிகள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஊருக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. நினைவோடு நிலமும் துணை நின்றது. தட்டையான மணல்திட்டில் குடியிருப்பவர் அந்தக் கதையைத் தனக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செலவு முதலில் குறைவாகத் தெரியும். அஸ்திவாரத்தோடு வீட்டைப் பிணைப்பது, சுவர்களை வலுப்படுத்துவது, அலமாரிகளைச் சுவரில் பொருத்துவது, இவ்வளவுதான். மறைந்திருக்கும் செலவு மூன்று.

ஒன்று, காப்பீடு. பல நாடுகளில் சாதாரண வீட்டுக் காப்பீடு நிலநடுக்கச் சேதத்துக்குப் பணம் தராது. அமெரிக்காவில் ஆட்டத்துக்கு ஒரு பத்திரம், சுனாமி வெள்ளத்துக்கு வேறொரு பத்திரம். ஜப்பானில் நிலநடுக்கக் காப்பீடு சுனாமிக்கும் சேர்த்துத் தருகிறது. ஆனால் தீக்காப்பீட்டுத் தொகையில் பாதிக்கு மேல் கிடைக்காது. வீடு முழுதாகப் போனால் பாதி வீடு கட்டத்தான் பணம் வரும்.

இரண்டு, நிலம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தட்டு விடுபடும்போது பல இடங்களில் கரையே கீழே இறங்கிவிடும். 2011-இல் ஜப்பானின் ஒஷிக்கா தீபகற்பம் ஒரு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் 1700-இல் அமிழ்ந்த காடுகளின் பட்ட மரங்கள் இன்னும் சேற்றில் நிற்கின்றன. வீடு போனாலும் மனை இருக்கும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கியிருப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மனை கடல் ஏற்றம் வரும்போதெல்லாம் கடலாக மாறலாம், கடன் மாறாது.

மூன்று, விடாத பழக்கம். வருடத்துக்கு இரண்டு முறையாவது நடந்து பார்க்க வேண்டும். பத்துத் தடவை எச்சரிக்கை வந்து ஒன்றும் நடக்காவிட்டாலும் பதினோராவது தடவையும் ஏற வேண்டும். ஆட்டம் மெதுவாக இருந்தாலும் நீண்டுகொண்டே போனால் ஏற வேண்டும். 1896-இல் ஜப்பானின் சன்ரிக்கு கரையில் ஆட்டம் லேசாகத்தான் இருந்தது, அலையில் சுமார் 22,000 பேர் போனார்கள். ஏறிய பிறகு அவசரப்பட்டு இறங்கவும் கூடாது. 1960-இல் சிலியில் வந்த 9.5 அளவு நிலநடுக்கத்தின் அலை 15 மணி நேரம் கழித்து ஹவாயின் ஹிலோ நகரத்தைத் தொட்டது. சைரன் பல மணி நேரம் முன்பே ஒலித்துவிட்டது. முதல் அலைகள் சின்னதாக வந்ததால் பலர் அலட்சியமாக இருந்துவிட்டார்கள். பின்னால் வந்த பெரிய அலை 61 பேரைக் கொண்டுபோனது.

மேடு பக்கத்தில் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் நடக்கிறவர்கள், பிழைப்பு கடலோடு என்றால் இந்த வழி சரி. தடுப்புச் சுவரை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜப்பானின் ஃபுதாய் கிராமத்தில் 15.5 மீட்டர் உயர மதகு ஊரைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் கமாய்ஷியில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைத்தடுப்பு, கட்டி முடித்த இரண்டே வருடத்தில் 2011-இல் உடைந்தது. சுவர் இருந்தால் அது கூடுதல் பாதுகாப்பு. நிமிடக் கணக்கைச் சுவரே இல்லாதது போலத்தான் போட வேண்டும்.

## உயரக் கட்டடத்தை நம்புவது

மேடே இல்லாத ஊர்களுக்கு இது. வாஷிங்டன் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் ஒக்கோஸ்டா தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தை, கூரையில் மக்கள் ஏறி நிற்கும்படி ஆழமான அடித்தூண்கள் வைத்துக் கட்டி 2016-இல் முடித்தார்கள். அமெரிக்காவில் இப்படிக் கட்டிய முதல் இடம் அதுதான். ஜப்பானின் தென்கரையில் தண்ணீர் ஊடே போகும்படி வெறும் தூண்களின் மேல் நிற்கும் கோபுரங்கள் நிறைய இருக்கின்றன.

எல்லா மாடியும் மேடு ஆகாது. மினாமிசன்ரிக்குவில் பேரிடர் மேலாண்மைக்கென்றே கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தின் கூரைக்கு மேலேயே 2011-இல் தண்ணீர் போனது. தப்பியவர்கள் உச்சியில் இருந்த ஆண்டெனா கம்பத்தையும் படிக்கம்பியையும் பிடித்துக்கொண்டவர்கள். ஆகவே கட்டடத்தின் உயரத்தை அரசு சொல்லும் உச்ச அலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரவில் அதன் கதவு திறந்திருக்குமா, படி வெளிப்பக்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தண்ணீர் வடிய பல மணி நேரமாகும். கேசென்னுமாவில் எண்ணெய்த் தொட்டிகள் அடித்துச் செல்லப்பட்டு தண்ணீரின் மேலேயே தீ எரிந்தது. எண்ணெய்க் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் மாடியை நான் நம்ப மாட்டேன்.

## அதே ஊரில் மேட்டுக்கு மாறுவது

கையில் பணம் இருந்தால் என் சாய்வு இந்தப் பக்கம்தான். உறவும் பிழைப்பும் அறுபடாது. தூங்கும்போது பயம் இருக்காது. இவாத்தேயின் அனேயோஷி என்ற சிற்றூரில், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதே என்று சொல்லும் கல் ஒன்று 1933 சுனாமிக்குப் பிறகு நட்டது. ஊர் கேட்டது. 2011-இல் தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது.

ஆனால் அதே கரையின் மற்ற ஊர்கள் சொல்வது வேறு. 1896-க்குப் பிறகு மேட்டுக்குப் போன சில மீனவக் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே திரும்பின. தினமும் வலையைச் சுமந்து இறங்கி ஏற முடியவில்லை, தண்ணீர் எடுக்க வழியில்லை, மீன் வந்தால் தெரிவதில்லை. 1933-இல் மறுபடி அடித்தது. மேட்டு வாழ்க்கையின் நிஜச் செலவு இதுதான், அந்தத் தினசரி இறக்கம். ஒரு நாள் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுப்போம், அப்புறம் அங்கேயே தூங்க ஆரம்பிப்போம். நீங்கள் அப்படிப்பட்டவரா என்று வாங்குவதற்கு முன்னால் ஆறு மாதம் மேட்டில் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

இன்னும் இரண்டு. மேடு என்றாலே உறுதியான நிலம் என்று அர்த்தமில்லை. குன்றை வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் நிரப்பிச் சமன் செய்த மனைகள் ஆட்டத்தில் வழுக்கும். வெட்டிய பக்கத்து மனையா, நிரப்பிய பக்கத்து மனையா என்று பழைய வரைபடத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அடுத்து, மேட்டு வீடு தப்பினாலும் சாலை தப்பாது. 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் வந்த நிலநடுக்கத்தில், மண்சரிவால் பல கிராமங்கள் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் தன் மக்களை இரண்டு வாரத்துக்குத் தயாராக இருக்கச் சொல்கிறது. மேட்டில் இருப்பவர் அதைத் தன் குடும்பத்துக்கு மட்டும் கணக்கிடக் கூடாது. கீழே இருக்கிற அண்ணன் குடும்பம், மாமியார், பக்கத்து வீட்டார் எல்லோரும் அன்று ஓடிவரப்போவது உங்கள் வீட்டுக்குத்தான். தண்ணீரையும் போர்வையையும் அந்தத் தலைக்கணக்கில் வையுங்கள்.

ஊரே சேர்ந்து மாறினால் கணக்கு வேறு. 1964-இல் 9.2 அளவு நிலநடுக்கத்தில் சிதைந்த அலாஸ்காவின் வால்டெஸ் நகரம் சில கிலோமீட்டர் தள்ளி மொத்தமாக இடம் மாறியது. வாஷிங்டன் மாநிலத்தின் குவினால்ட் பழங்குடியினர் தங்கள் தஹோலா ஊரை இப்போது மேட்டுக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படிப் பேச்சு இருந்தால் தனியாக அவசரப்படாதீர்கள். அந்தக் கூட்டங்களுக்குப் போங்கள்.

## உள்நாட்டுக்குப் போய்விடுவது

அலையிலிருந்து இதுதான் முழுப் பாதுகாப்பு. சக்கர நாற்காலியில் இருப்பவரோ டயாலிசிஸ் செய்துகொள்பவரோ வீட்டில் இருந்து, மேடும் கோபுரமும் நிமிடக் கணக்குக்குள் வராவிட்டால், தயங்காமல் இதைச் செய்யுங்கள் என்பேன். உயிர் பிழைத்தாலும் அவர்களுக்குச் சிகிச்சை இல்லாத இரண்டு வாரம் இருக்கிறது.

நிலநடுக்கம் கரையோடு நின்றுவிடாது. 2018-இல் இந்தோனேசியாவின் பாலு நகரத்தில் கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருந்த பெத்தோபோ பகுதியில் மண் குழம்பாகி, வீடுகளோடு நகர்ந்து புதைந்தது. போகிற இடத்தில் நிலம் எப்படி, வெள்ளம் வருமா, கட்டடம் எப்போது கட்டியது என்று இங்கே கேட்ட அதே கேள்விகளை அங்கேயும் கேட்க வேண்டும். கடலில் ஐம்பது வருடம் பிழைத்த ஒருவரை அறுபத்தைந்து வயதில் அறிமுகமில்லாத அடுக்குமாடியில் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் செலவில் எழுதுங்கள். அதற்குப் பணத்தில் மதிப்புப் போட முடியாது, ஆனால் உடம்பில் தெரியும்.

முழுதாகப் போகவும் மனமில்லை, இருக்கவும் பயம் என்றால் நடுவில் ஒரு வழி உண்டு. கரையில் வாடகைக்கு இருங்கள். சொந்த வீடு வாங்குவதை உள்ளே வையுங்கள். சேமிப்பு முழுவதும் அமிழக்கூடிய மனையில் முடங்காது. முடிவை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். இளம் குடும்பங்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறேன்.

## வீட்டில் ஒருவர் மறுத்தால்

பல வீடுகளில் முடிவு தள்ளிப்போவது இங்கேதான். ‘நான் எங்கேயும் வரவில்லை, அலை வந்தால் அதோடு போகிறேன்’ என்று ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். ஜப்பானின் குரோஷியோ நகரத்துக்கு 2012-இல் இந்தப் பேச்சு ஊர் அளவில் வந்தது. அங்கே 34.4 மீட்டர் அலை வரலாம் என்று அரசு கணித்தது, நாட்டிலேயே அதுதான் அதிகம். அவ்வளவு உயரம் என்றால் ஓடி என்ன பயன் என்று வயதானவர்கள் விட்டுவிட்டார்கள். நகராட்சி அவர்களிடம் வாதாடவில்லை. ஊழியர்கள் பகுதி பகுதியாகப் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை எழுதினார்கள்: யார் யார் இருக்கிறார்கள், யாரால் நடக்க முடியும், எந்த வழி, யார் துணை. தாழ்வான பகுதிகளில் கோபுரங்கள் எழும்பின.

உங்கள் வீட்டிலும் அந்த அட்டையிலிருந்து தொடங்கலாம். பெரியவரிடம் ‘வீட்டை விற்கலாமா’ என்று கேட்காதீர்கள். ‘மேடு வரை ஒரு தடவை என்னோடு நடந்து வருகிறீர்களா’ என்று கேளுங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். நடுவில் எத்தனை தடவை உட்கார்ந்தார், எந்தப் படியில் மூச்சு வாங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மேட்டு வாடகை வீடு பார்க்கலாம் என்று முதலில் சொன்னது அம்மாதான், அந்த 16 நிமிடத்துக்கு மறுநாள் காலையில்.